வானம் பார்த்த பூமி



நம் உழவர்கள் நிலத்தை இருவகையாகப் பிரித்துப் பேசுவதுண்டு. ஆற்றுப் பாய்ச்சலோ ஏரிப் பாய்ச்சலோ உள்ள நிலம் ஒன்று. அத்தகைய பாய்ச்சல் ஏதுமின்றி, பெய்தால் விளைவது, பெய்யாவிடில் காய்வது என்று கிடக்கும் நிலம் மற்றொன்று. இந்த இரண்டாவது நிலத்துக்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர் 'வானம் பார்த்த பூமி' என்பது. பெண் கொடுக்கப் போகிறவர்கள் மாப்பிள்ளை வீட்டாரின் நிலம் வானம் பார்த்தது என்று கேள்வியுற்றால் சற்றே தயங்குவார்கள். உலகத்தின் கணக்கில் அது ஒரு குறை. ஆனால் ஞான வாழ்வின் கணக்கில் அதுவே ஒரு பெருமை என்பதை இம்மாதம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறோம். மண்ணாய்க் கிடப்பது தாழ்ச்சி. வானத்தைப் பார்த்துக் கிடப்பது இறைவன்பால் நம்பிக்கை. இவ்விரண்டும் ஒரே நிலத்தின் இரு தன்மைகள். ஒன்றைவிட்டு மற்றொன்று நிற்பதில்லை.

இப்பொருளைப் பற்றிப் போதிக்க நமக்குத் தகுதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொண்டோம். இல்லை என்றே மனச்சான்று பதில் சொல்லிற்று. ஆதலின் போதிப்பதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, நமக்கு நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நமது பங்கில் சிறுவர்களின் ஞானோபதேச வகுப்புக்கென ஒரு மண்டபம் கட்டப்பட்டது. இரண்டாண்டு காலம் அதற்காக அலைந்தோம். செங்கல்லுக்கும் கம்பிக்கும் விலை கேட்டு, கொடையாளர்களின் வீட்டுத் திண்ணைகளில் காத்திருந்து, கொத்தனாரோடு வெயிலில் நின்று, ஒருவழியாக வேலை முடிந்தது. ஆயர் வந்து மந்திரித்தார். திறப்பு நாளன்று வாயிலில் பதித்த கல்வெட்டை மூடியிருந்த துணி விலகியபோது நம் கண்கள் எதைத் தேடின என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். ஆயரின் பெயர் இருந்தது. கொடையாளர்களின் பெயர்கள் இருந்தன. பங்குப் பேரவையினரின் பெயர்கள் இருந்தன. நமது பெயர் எல்லாவற்றுக்கும் கீழே, கடைசி வரியில், சிறிய எழுத்தில் இருந்தது. நன்றியுரை கூறியவரோ மேளக்காரர்வரை எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு, நம்மை மறந்தே போனார்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும், கல்வெட்டு வேலையைக் கவனித்துக்கொண்ட பேரவைச் செயலரை அழைத்தோம். நம்மைவிட வயதில் மூத்தவர் அவர். இளைஞர் நால்வர் பார்த்துக்கொண்டிருக்க, கல்வெட்டைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், கணக்குப் புத்தகத்தில் இருந்த ஓர் அற்பப் பிழையைக் காரணம் காட்டி, அவரைக் கடிந்துகொண்டோம். ஆங்காரம் எப்போதும் தன் சொந்தப் பெயரில் வருவதில்லை. ஒழுங்கு, நீதி, கண்டிப்பு என்ற வேறு பெயர்களில்தான் வரும். அவர் ஒன்றும் பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அடுத்த இரண்டு ஞாயிறும் அவரைக் கோயிலில் காணோம்.

இந்நிலையில்தான் விக்கிரமங்கலத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். தம் தந்தை பக்கவாதத்தால் படுக்கையில் கிடப்பதாகவும், நற்கருணை கொண்டுவர வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். போனோம். ஓட்டு வீட்டின் கூடத்தில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார் பெரியவர். ஒருகாலத்தில் அவர் தம் கையாலேயே கிணறு வெட்டி, கரடாகக் கிடந்த காட்டைத் திருத்தி, ஒருவரிடமும் கடன் என்று போய் நில்லாதவர் என்று ஊரார் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்று வலக்கை விழுந்துவிட்டது. மருமகள் கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். நாம் நற்கருணையை எடுத்தபோது, பழக்கத்தால் கையை நீட்ட முயன்றார். கை எழவில்லை. குழந்தையைப் போல வாயைத் திறந்தார்.

சற்று நேரம் கழித்து, குழறிய குரலில் அவர் சொன்னார்: "சாமி, எழுபது வருசமா அன்றாடச் சோறு கேட்டு மந்திரம் சொல்லிக்கிட்டு வந்தேன். வாய்தான் சொல்லிச்சு. பத்தாயத்துல நெல்லு இருந்தவரைக்கும் அது மத்தவங்களுக்குச் சொன்ன மந்திரம்னு நெனச்சேன். இப்பத்தான் எனக்குன்னு கேக்குறேன்."

வாசகர்களே, குருமடத்தில் நாம் பல ஆண்டுகள் இறையியல் பயின்றோம். தாழ்ச்சியைப் பற்றித் தியானங்கள் கேட்டோம். தியானங்கள் கொடுத்தும் இருக்கிறோம். எனினும் கர்த்தர் கற்பித்த செபத்துக்கு அதுபோன்ற விளக்கத்தை எங்கும் கேட்டதில்லை.

அவர் இன்னொன்றும் சொன்னார். அவருக்கும் அவருடைய தம்பிக்கும் பேச்சுவார்த்தை அற்றுப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றனவாம். பொதுக் கிணற்றில் முறைத் தண்ணீர் பற்றி எழுந்த தகராறு. "அவன் வந்து மொதல்ல பேசட்டும்னு இருந்துட்டேன் சாமி. தப்பு எம்மேலதான். போயிக் கேக்கலாம்னா இப்பக் காலு இல்ல. நீங்க அவனக் கூட்டியாந்து விடுங்க."

சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தோம். வந்த பிறகுதான் நெஞ்சில் முள் தைத்தது. நம் பங்கில், நமக்குக் கூப்பிடு தொலைவில், நாம் போய்ப் பேச வேண்டிய ஒருவர் இருக்கிறார். நமக்குக் கால் இருக்கிறது. நாம் போகவில்லை. இந்த அழகில் பிறரைச் சமாதானம் செய்துவைக்கும் தூதராய் எந்த முகத்தோடு போவது?

அன்று மாலை திரும்பும் வழியில் இப்பகுதியைப் பற்றியே சிந்தித்துக்கொண்டு வந்தோம். அரியலூர்ச் சீமையின் மண் நமக்குத் தாழ்ச்சியைக் கற்பிப்பதற்கென்றே அமைந்ததுபோலத் தோன்றிற்று. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்நிலப்பரப்பைக் கடல் மூடியிருந்தது என்று நிலவியலார் கூறுவர். இன்றும் இங்கே தோண்டுமிடங்களில் கிளிஞ்சல்களும் கடல்வாழ் உயிர்களின் கல்லுருக்களும் கிடைக்கின்றன. சிமெண்டுக்கு வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக் கல்லும் அந்தப் பழங்கடல் விட்டுச்சென்ற சொத்தே. நாம் பெயர் பொறித்துக்கொள்ள ஆசைப்படும் சுவர்கள், ஒருகாலத்தில் பெயரின்றி வாழ்ந்து மடிந்த கடலுயிர்களின் கொடை!

இதே மாவட்டத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. கங்கைவரை படை நடத்தி வென்ற முதலாம் இராசேந்திரன் அதைத் தன் தலைநகராக்கினான். ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் சோழப் பேரரசின் ஆணைகள் அங்கிருந்து பிறந்தன. இன்று கோயில் நிமிர்ந்து நிற்கிறது. 2004-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆனால் அரண்மனை எங்கே? மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளங்கள்தாம் எஞ்சியுள்ளன. கோயிலைச் சூழ்ந்திருந்த திருமதிலின் கற்களும் தப்பவில்லை. 1836-ஆம் ஆண்டளவில் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டியபோது அக்கற்களைப் பெயர்த்து அதற்குப் பயன்படுத்தினார்கள். பேரரசன் எழுப்பிய மதிலின் கற்கள் இன்று பெயரின்றி ஆற்று நீரில் மூழ்கிக் கிடக்கின்றன. அதைக் கெட்டதென்று மட்டும் சொல்லிவிட முடியவில்லை. மதிலாய் நின்றபோது அவை ஒரு மன்னனின் பெருமையைக் காத்தன. அணையாய்க் கிடக்கும்போது ஏழை உழவனின் வயலுக்கு நீர் தேக்குகின்றன.

இனி இம்மாவட்டத்தின் மற்றொரு தலத்துக்கு வருவோம். ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையின் திருத்தலத்தை அறியாத கத்தோலிக்கர் நம் பகுதியில் இருக்க முடியாது. அதைத் திருக்காவலூர் என்று பெயரிட்டுப் பாடியவர் வீரமாமுனிவர். 1680-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டுக் காஸ்திலியோனேயில் பிறந்த கொன்ஸ்தான்சு யோசேப் பெஸ்கி, 1698-இல் இயேசு சபையில் சேர்ந்து, 1710-இல் கோவா வந்திறங்கி, பின்னர் மதுரை மறைத்தளத்துக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. இலத்தீனும் கிரேக்கமும் கற்றுத் துறைபோனவர். தம் நாட்டில் ஆசிரியராய் அமரத் தகுந்தவர். அவர் இங்கே வந்து, நம் வீட்டுக் குழந்தைகள் ஐந்து வயதில் செய்வதை முப்பது வயதில் செய்தார். அகரத்திலிருந்து தொடங்கினார். சுப்பிரதீபக் கவிராயர் என்பவரிடம் பாடம் கேட்டார் என்பது வழிவழியாய் வரும் செய்தி. ஆசிரியரின் பெயர் எதுவாயினும் ஆகுக. கற்றறிந்த ஒருவர் அறியாதவராய் மாற ஒப்புக்கொண்டார் என்பதே நாம் கவனிக்க வேண்டியது. அறியாமையை மறைப்பவன் அறியாமையிலேயே சாகிறான். அதை ஒப்புக்கொள்பவன் ஒரு மொழியையே சொந்தமாகப் பெறுகிறான். தாழ்ச்சி மனிதனைக் குறுக்கிவிடும் என்று நினைப்போர் இதைச் சிந்திக்கட்டும்.

அந்தத் தமிழைக் கொண்டு அவர் என்ன செய்தார்? மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3615 பாடல்கள் கொண்ட தேம்பாவணி என்னும் காப்பியத்தை இயற்றினார். காப்பியத்துக்குத் தன்னிகரில்லாத் தலைவன் ஒருவன் வேண்டும் என்பது நம் இலக்கண மரபு. உலகின் பெருங்காப்பியங்கள் வில் வளைத்தவனையும் கோட்டை பிடித்தவனையும் கடல் கடந்தவனையும் தலைவனாக்கின. வீரமாமுனிவர் தேர்ந்தெடுத்த தலைவரோ ஒரு தச்சர். வளன் என்று அவர் அழகுத் தமிழில் அழைத்த புனித சூசையப்பர். நற்செய்தி நூல்கள் நான்கையும் முதலிலிருந்து கடைசிவரை புரட்டிப் பாருங்கள். சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்லும் அங்கு இல்லை. கனவில் வானதூதர் சொன்னார், எழுந்து செய்தார். மீண்டும் சொன்னார், மீண்டும் எழுந்து செய்தார். எகிப்துக்குப் போ என்றபோது வழிச்செலவுக்கு என்ன செய்வது என்று கேட்டதாகவும் இல்லை. திரும்பி வா என்றபோது இத்தனை நாள் ஏன் காக்கவைத்தீர் என்று முறையிட்டதாகவும் இல்லை. ஒரு சொல்லும் பேசாதவருக்கு 3615 பாடல்கள்! தாழ்ச்சி தன்னைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. அதைப் பற்றிப் பேசுவதற்குப் பிறரை இறைவனே எழுப்புகிறார்.

வீரமாமுனிவர் எழுதியவற்றுள் நாம் நாள்தோறும் பயன்படுத்துவது தேம்பாவணியன்று. அவருடைய எழுத்துச் சீர்திருத்தமே. பழைய ஏட்டுச்சுவடிகளில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு காண்பது அரிதாயிருந்தது. குறிலின்மேல் புள்ளி வைப்பது இலக்கணம். ஓலையிலோ அப்புள்ளியைப் பெரும்பாலும் வைப்பதில்லை. நெடிலுக்குத் தனி அடையாளம் கொடுத்து இக்குழப்பத்தை நீக்கியவர் அவர் என்று அறிஞர் போற்றுவர். அப்படியானால், நம் பிள்ளைகள் பலகையில் எழுதும் ஒவ்வோர் ஏகாரத்திலும் ஓகாரத்திலும் அம்முனிவரின் கை இருக்கிறது. எந்த எழுத்திலும் அவருடைய பெயர் இல்லை. இதை நினைத்தபோது நமது கல்வெட்டின் கடைசி வரி நம் கண்முன் வந்து நின்றது. அந்தச் சிறிய எழுத்தும் நமக்கு அதிகம் என்று தோன்றிற்று.

அவர் கட்டிய தலத்துக்கு வெற்றியின் பெயரையோ பெருமையின் பெயரையோ சூட்டவில்லை. 'அடைக்கலம்' என்ற பெயரையே சூட்டினார். அடைக்கலம் தேடுகிறவன் யார்? தன்னால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது என்று உணர்ந்தவன். பன்மொழிப் புலவரும் அகராதி வகுத்தவரும் இலக்கணம் கண்டவருமான ஒருவர், தம் வாழ்வின் மையத்தில் எழுதிவைத்த சொல் அது.

வீரமாமுனிவருக்கு நகைச்சுவையும் நன்கு வரும். பரமார்த்த குருவின் கதையை அறியாத தமிழ்ப் பிள்ளை உண்டோ? குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடந்து கரையேறி, எல்லோரும் வந்தோமா என்று எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணுகிறான். ஐவர்தாம் இருக்கிறோம், ஒருவனை ஆறு விழுங்கிவிட்டது என்று அழுகிறார்கள். நாம் சிரிக்கிறோம். சிரித்துவிட்டுப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வருகிறோம். அங்கே நாமும் அதே கணக்குத்தான் போடுகிறோம். மாமியார் செய்த குற்றம் ஒன்று, மருமகள் செய்த குற்றம் இரண்டு, பக்கத்துக் காட்டுக்காரன் வரப்பை வெட்டியது மூன்று என்று எண்ணுகிறோமே அன்றி, எண்ணுகிற ஆளை எண்ணுவதில்லை. பாவக் கணக்கில் நம்மை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணுகிறோம். புண்ணியக் கணக்கிலோ மற்றவர்களை விட்டுவிட்டு நம்மை மட்டும் எண்ணுகிறோம். பரமார்த்த குருவின் சீடர்களுக்கு ஒரு கணக்கில்தான் தவறு. நமக்கு இரண்டிலும் தவறு.

ஆலயத்தில் செபிக்கப் போன பரிசேயனையும் ஆயக்காரனையும் நினைத்துப் பாருங்கள். பரிசேயன் பொய் சொல்லவில்லை; நோன்பிருந்தது உண்மை, காணிக்கை கொடுத்ததும் உண்மை. ஆனால் அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு தன்னைப் பற்றியே பேசினான். ஆயக்காரன் மண்ணைப் பார்த்துக்கொண்டு இறைவனிடம் பேசினான். இருவரில் நீதிமானாய் வீடு திரும்பியவன் எவன் என்பதை ஆண்டவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

தாழ்ச்சி துறவியருக்கும் முனிவருக்கும் உரியது, பொறுப்புள்ள பதவியில் இருப்பவர்களுக்கு ஏற்காது என்று சிலர் கருதுவர். அவர்களுக்கும் இந்த அரியலூர்ச் சீமையே விடை கூறுகிறது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள், பொழுது புலருமுன், சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி விரைவு வண்டி அரியலூரை அடுத்த மருதையாற்றில் கவிழ்ந்தது. பெருமழையால் ஆறு கரைபுரண்டு ஓடியதில் பாலம் பழுதுற்றிருந்தது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்நாளில் ரயில்வே அமைச்சராக இருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. அதே ஆண்டில் சில மாதங்களுக்கு முன் மெகபூப்நகர் அருகே நேர்ந்த விபத்தின்போதே அவர் பதவி விலக முன்வந்தார். பிரதமர் நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பின் மீண்டும் விலகல் கடிதம் கொடுத்தார். சாஸ்திரி குற்றவாளி என்பதற்காக அன்று, பொறுப்பு என்பதற்கு ஒரு முன்மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காகவே அதை ஏற்பதாக நேரு பாராளுமன்றத்தில் தெரிவித்தார்.

பாலத்தைக் கட்டியவர் சாஸ்திரி அல்லர். மழையைப் பெய்வித்தவரும் அல்லர். வண்டியை ஓட்டியவரும் அல்லர். அவர் விரும்பியிருந்தால் கைகாட்டுவதற்குப் பத்துப் பேர் இருந்தார்கள். அவரோ எண்ணிக்கையைத் தம்மிடமிருந்து தொடங்கினார். எட்டாண்டுகள் கழித்து, 1964-இல், அந்தச் சிறிய உருவமுள்ள மனிதரையே நாடு தன் பிரதமராகக் கண்டது. அவர் கிறிஸ்தவர் அல்லர். ஆயினும் மருதையாற்றங்கரையில் மடிந்தவர்களின் பொருட்டு அவர் செய்ததை, ஞாயிறுதோறும் மார்பில் தட்டிக்கொண்டு என் பாவமே என்று சொல்லும் நாம் எத்தனை முறை செய்திருக்கிறோம்? தாழ்ச்சி பெற்றவர்களைத் திருச்சபையின் வேலிக்கு வெளியேயும் இறைவன் நமக்கு ஆசிரியர்களாக வைத்திருக்கிறார் என்பதை ஏற்பதும் ஒரு தாழ்ச்சியே.

இங்கே ஓர் ஐயம் எழலாம். எல்லாம் இறைவன் செயல் என்று இருந்துவிட்டால் மனிதன் சோம்பேறியாகிவிட மாட்டானா? வானம் பார்த்த பூமிக்காரனையே கேளுங்கள். அவன் மழை வரட்டும் என்று திண்ணையில் படுத்திருப்பதில்லை. கோடையிலேயே உழுது போடுகிறான், வரப்பை உயர்த்துகிறான், விதையைப் பொறுக்கி வைக்கிறான். முதல் மழை விழுந்த மறுநாள் அவன் வீட்டில் யாரும் உறங்குவதில்லை. சொல்லப்போனால், கால்வாய்ப் பாசனக்காரனைவிட அவனே அதிக விழிப்போடு இருக்கிறான். ஆனால் உழுதுவிட்ட காரணத்தால் மழை தனக்குக் கடன்பட்டிருக்கிறது என்று அவன் நினைப்பதில்லை. உழைப்பு நம்முடையது, விளைச்சல் அவருடையது என்று பிரித்து அறிவதே கிறிஸ்தவ நம்பிக்கை.

அவ்வாறே பொய்த் தாழ்ச்சி ஒன்றும் உண்டு. அதையும் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். 'நான் ஒன்றுக்கும் உதவாதவன்' என்று சொல்லிவிட்டு, கேட்பவர் மறுத்துப் பேசவேண்டும் என்று காத்திருப்பது பொய்த் தாழ்ச்சி. பாடத் தெரிந்தவன் பாட மறுப்பதும், படித்த பெண் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கத் தயங்குவதும் தாழ்ச்சியாகா. எளியவனை மிதிப்பவர்கள் அவனைப் பார்த்து, 'தாழ்ச்சியாய் இரு' என்று சொல்வது தாழ்ச்சியைப் போதிப்பதன்று. அது அநீதிக்குத் திருச்சட்டை மாட்டுவது. தாழ்ச்சியைப் பிறர்மேல் சுமத்த எவருக்கும் உரிமை இல்லை. ஒவ்வொருவரும் தாமே மேற்கொள்ள வேண்டியது அது. சீடரின் பாதங்களைக் கழுவிய ஆண்டவர், தம் பாதங்களைக் கழுவுமாறு அவர்களுக்கு அன்று கட்டளையிடவில்லை. தாழ்ச்சி என்றால் உண்மையில் நடப்பது என்று கண்டார் அவிலா நகர்ப் புனித தெரேசம்மாள். என்னிடம் உள்ளதை இல்லை என்பதும் பொய்; அது என்னிடமிருந்தே வந்தது என்பது அதைவிடப் பெரிய பொய்.

இலத்தீன் மொழியில் தாழ்ச்சிக்கு 'ஹூமிலித்தாஸ்' என்று பெயர். மண் என்று பொருள்படும் 'ஹூமுஸ்' என்ற சொல்லின் வழியே வந்தது அது. இதைக் குருமடத்தில் படித்தபோது ஒரு சொல்லாராய்ச்சியாகவே எடுத்துக்கொண்டோம். தவக்காலத் தொடக்கத்தில் பிறர் நெற்றியில் சாம்பல் பூசிப் பூசி நம் விரல்கள் கறுக்கும். ஆனால் நாமும் மண்தான் என்பதை விக்கிரமங்கலத்துக் கயிற்றுக் கட்டிலின் அருகில்தான் உணர்ந்தோம்.

இனி விட்ட இடத்துக்கு வருவோம்.

அன்று மாலை நாம் பங்குக் குரு இல்லத்துக்குப் போகவில்லை. நேரே செயலரின் வீட்டுக்குப் போனோம். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வாசலிலேயே நின்று, பிறர்முன் அவரைக் கடிந்துகொண்டது நம் குற்றம் என்றும், கணக்குப் பிழை ஒரு சாக்கு என்றும், உண்மைக் காரணம் கல்வெட்டு என்றும் சொல்லி, மன்னிப்புக் கேட்டோம். வெகுநாள் தூக்கி வந்த மூட்டையை இறக்கிவைத்தாற்போல் இருந்தது. அவர் சற்று நேரம் நம்மையே பார்த்தார். பிறகு, "உள்ளே வாங்க சாமி" என்றார். செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நீங்க தாழ்ச்சியப் பத்தி அடிக்கடி பிரசங்கம் வைக்கிறீங்க. பேர மேல போட்டா சாமி கோவிச்சுக்குவாங்கன்னுதான் கீழ போடச் சொன்னேன். நன்றி சொல்லாததும் அதனாலதான்."

வாசகர்களே, நமது பிரசங்கத்தை ஒருவர் முழுமையாக நம்பியிருக்கிறார். நம்பாதவர் நாம் மட்டுமே! அடுத்த ஞாயிறு, எந்த இளைஞர்கள் நாம் கடிந்துகொண்டதைக் கண்டார்களோ அவர்கள் முன்னிலையிலும் அதே மன்னிப்பைக் கேட்டோம். பலர் பார்க்க இழைத்த குற்றத்துக்குத் தனியறையில் மன்னிப்புக் கேட்பது பாதிக் கடனை அடைப்பதாகும்.

அதன் பின்னரே பெரியவரின் தம்பியைத் தேடிப் போகத் துணிவு வந்தது. அவருக்கும் அறுபத்தைந்து வயதுக்குமேல் இருக்கும். முதலில், "எதுக்கு சாமி, இத்தன வருசம் கழிச்சு?" என்றார். நாம் வாதாடவில்லை, நமக்கும் செயலருக்கும் நடந்ததை மட்டும் சொன்னோம். அவர் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். விக்கிரமங்கலம் வீட்டில் நுழைந்து கட்டிலருகே நின்றார். அண்ணன் அழுதுகொண்டே, கிணற்றுத் தண்ணீர் விஷயத்தில் தவறு தன்னுடையதுதான் என்று சொல்லி முடித்தபோது, தம்பி மெதுவாகச் சொன்னார்: "அந்தக் கெணறு தூந்துபோயி நாலு வருசம் ஆச்சுண்ணே."

அவர்கள் இருவரும் எதற்காகப் பதினொரு ஆண்டுகள் பேசாதிருந்தார்களோ, அது கடைசி நான்கு ஆண்டுகளாக உலகிலேயே இல்லை. இல்லாத தண்ணீருக்காக இருந்த உறவை இழந்தார்கள். நம் பெருமைகளில் பெரும்பாலானவை இப்படித் தூர்ந்துபோன கிணறுகளே. நாம் காவல் காப்பதோ மண்மேட்டை.

தம்பி, மருமகளின் கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். நாம் வெளியே வந்துவிட்டோம்.

இத்தவக்காலத்தில் உங்கள் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். குடும்ப செபமாலை முடிந்தபின், தகப்பனே முதலில் தொடங்கட்டும்: இன்று நான் வீட்டில் யாருடைய மனத்தை நோகச் செய்தேன் என்பதைச் சொல்லட்டும். எண்ணிக்கை தன்னிடமிருந்து தொடங்கட்டும். தகப்பன் தொடங்கினால் பிள்ளைகள் தாமே தொடர்வார்கள். இரண்டாவதாக, ஒரு வேளை உணவுக்கு முன் நன்றி சொல்லும்போது, அந்த உணவு நம் இலைக்கு வரக் காரணமாயிருந்த பெயர் தெரியாத ஒருவருக்காகவும் சேர்த்துச் செபியுங்கள்: நாற்று நட்டவள், மூட்டை தூக்கியவன், வண்டி ஓட்டியவன், இவர்களில் ஒருவர். மூன்றாவதாக, உங்களுக்கென ஏதேனும் தூர்ந்த கிணறு இருக்குமாயின், அதன் மறுபக்கம் நிற்பவரைத் தேடி நீங்களே முதலில் போங்கள். கால் இருக்கும்போதே போங்கள்.

மண்டபத்தின் கல்வெட்டு இன்றும் அப்படியேதான் இருக்கிறது. ஞானோபதேசத்துக்கு வரும் சிறுவர்கள் வாயிற்படியில் உட்கார்ந்து விளையாடும்போது, தரையை ஒட்டியிருக்கும் கடைசி வரியில்தான் அவர்களுடைய மண் படிந்த விரல்கள் படுகின்றன. எழுத்துக்கள் சற்று மங்கி வருகின்றன. அதைத் துடைக்கச் சொல்லலாமா என்று கோயில் பிள்ளை கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

அடைக்கல அன்னை நம் அனைவருக்காகவும் வேண்டிக்கொள்வாராக.